குப்பைமேட்டு வேலியோரத்தில் வி.ஓ.சி. அளவீடு பிழைக்கும்போது: அறிகுறி பார்த்துத் திருத்த

கிழக்கிலங்கையில் திருப்பெருந்துறை, கொடுவாமடு, பள்ளக்காடு என்று எந்தக் குப்பைமேட்டின் ஓரத்தில் கருவி வைத்தாலும் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள் ஏழெட்டுத்தான். மாரி ஈரம், உப்புக்காற்று, குளவிக்கூடு, தளர்ந்த மூடி என்பவையே அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். விளக்குப் பழுதும் சென்சர் பழுதும் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் காசு கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கின்றன. மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். இடையில் பாய்ந்து விளக்கை மாற்றினால் காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

இது எளிதில் ஆவியாகும் சேதனச் சேர்வைகளை (வி.ஓ.சி.) அளக்கும் நான்கு சாதனங்களுக்கானது: 10.6 இலத்திரன் வோல்ட் விளக்குள்ள பி.ஐ.டி. கருவி (விளக்கின் ஒளியால் வாயுவை அயனாக்கி அளப்பது), 14 நாள் தொங்கவிடும் உறிஞ்சு ரியூப், 6 லீற்றர் வெற்றிடக் கலன், மலிவான மெற்றல் ஒக்சைட் சென்சர்.

களத்துக்குப் போகுமுன்

குப்பைச் சரிவில் ஏறி அளக்க வேண்டாம். கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்ததும் இப்படியான ஒரு மேடுதான். பள்ளக்காட்டுப் பக்கம் யானைகள் குப்பைக்கு வந்து பழகியவை, அதனால் விடியுமுன்னும் மாலை மங்கிய பின்னும் கருவி பார்க்கப் போகக்கூடாது. ஐதரசன் சல்பைட்டுக்கு அலாரம் அடிக்கும் சிறு கருவியைச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். அது 10 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு) காட்டினால் அளவீட்டை விட்டுவிட்டு, காற்று வரும் திசையை நோக்கி நடந்து வெளியேறுங்கள். மூக்கை நம்ப முடியாது. 100 பிபிஎம் அளவில் மணம் உணரும் சக்தியே மரத்துப்போகும்.

பையில் இருக்க வேண்டியவை: ஐசோபியூட்டிலீன் அளவுத்திருத்த வாயு (பிபிஎம் கருவிக்கு 100 பிபிஎம், பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு வரை காட்டும் கருவிக்கு 10 பிபிஎம்), கரி நிரப்பிய வடி ஒன்று, டெஃப்லோன் குழாய், உதிரித் தூசு வடிகள், 9/16 அங்குல ஸ்பானர் இரண்டு, காற்றுத் திசையும் நேரமும் எழுதக் கொப்பி, பென்சில். மார்க்கர் பேனை கொண்டுபோக வேண்டாம். அதன் மையே வி.ஓ.சி.

அறிகுறி 1: சுத்தமான காற்றிலும் பூச்சியத்துக்கு வரவில்லை

முதலில் அந்தக் காற்று சுத்தம்தானா என்று பாருங்கள். வாகனத்துக்குப் பக்கத்தில், கடை வாசலில், நுளம்புச் சுருள் எரியும் விறாந்தையில் பூச்சியம் வைத்தால் அந்தப் பிழை நாள் முழுக்கத் தொடரும். கையில் பூசிய கிருமிநீக்கித் திரவமும் போதும். கரி வடியை உள்வாயில் மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

– இறங்கி வந்தால் கருவியில் குற்றமில்லை, இடம்தான் பிழை. கரி வடியுடனேயே பூச்சியம் வையுங்கள்.

– பாதி இறங்கி நின்றால் குழாயைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சிலிக்கன், பிவிசி குழாய்கள் முந்தைய நாள் உறிஞ்சியதை மெல்லமெல்லக் கக்கும். டெஃப்லோன் குழாய்க்கு மாற்றுங்கள், நீளம் 2 மீற்றருக்குள் இருக்கட்டும்.

– குழாய் இல்லாமலும் நின்றால் தூசு வடியை மாற்றுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெள்ளை வடி ஒரு வாரத்திலேயே மண் நிறமாகும். அந்தத் தூசில் ஒட்டிய எண்ணெய்ப் பொருட்கள் வெயில் ஏற ஆவியாகி வாசிப்பைத் தூக்கும்.

– அப்படியும் நின்றால் விளக்கும் சென்சரும் அழுக்காகியிருக்கும். சுத்தம் செய்யும் முறை அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

அறிகுறி 2: இரவில் ஏறுகிறது, விடிந்து வெயில் ஏற இறங்குகிறது, மழைக்குப் பின்னும் ஏறுகிறது

கார்த்திகை, மார்கழி மாதங்களில் மட்டக்களப்பில் மிக அதிகமாகக் கேட்கும் முறைப்பாடு இது. ஆளை மிக அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான், ஏனெனில் இரண்டு காரணங்களும் ஒரே மாதிரி வரைபடத்தைத் தரும். இரவில் காற்று ஓய்ந்து, நிலத்தோடு ஒட்டிய குளிர்காற்று கலையாமல் நிற்கும்போது குப்பைமேட்டு வாயு உண்மையிலேயே தேங்கும். அதே நேரத்தில் ஈரமும் உச்சத்தில் இருக்கும். சென்சரில் படிந்த தூசும் உப்பும் அந்த ஈரத்தைக் குடித்து மின்கசிவை உண்டாக்கினால், வாயுவே இல்லாமலும் எண் ஏறும்.

பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும். வாசிப்பு ஏறி நிற்கும் நேரத்தில், அதாவது அதிகாலை 5 மணியளவில் (யானை நடமாட்டம் இல்லாத இடத்தில் மட்டும்), கரி வடியை மாட்டிப் பத்து நிமிடம் பொறுங்கள். ஆரம்பத்தில் கரி ஈரத்தையும் கொஞ்சம் பிடிக்கும் என்பதால் முதல் இரண்டு மூன்று நிமிட எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எண் பூச்சியத்துக்குப் பக்கமாக விழுந்தால்

ஏற்றம் உண்மையான வாயு. கருவியைத் தொடாதீர்கள். நேரத்தையும் காற்றுத் திசையையும் எழுதிவிட்டு அறிகுறி 7க்குப் போங்கள்.

எண் விழாமல் நின்றால்

ஈரக்கசிவு. உறுதிப்படுத்த, உள்வாயைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்து அரை நிமிடம் பிடியுங்கள். கையில் களிம்போ கிருமிநீக்கியோ இருக்கக்கூடாது. எண் தொடர்ந்து மெல்ல ஏறிக்கொண்டே போனால் சென்சர் அழுக்கு என்பது நிச்சயம். இனிச் செய்ய வேண்டியவை:

1. குளிரூட்டி அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ நேரே வெளியே எடுத்தீர்களா? அப்படியானால் விளக்கின் கண்ணாடியில் வியர்த்திருக்கும். நிறுத்தி, பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளி வெப்பத்தில் வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். மாட்டும் பெட்டிக் கருவிக்கு இது பொருந்தாது.

2. உள்வாய் வடி நனைந்திருந்தால் மாற்றுங்கள். தண்ணீர் ஏறாத டெஃப்லோன் வடி, 0.45 மைக்ரோன். குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வாடைக் காற்றுடன் மழை சரிந்து அடிக்கும் இடத்தில் நேரான தகரக் கூரை மட்டும் காணாது, பக்கமும் மறைக்க வேண்டும்.

3. விளக்கைச் சுத்தம் செய்யுங்கள். கருவியை நிறுத்திப் பற்றரியைக் கழற்றுங்கள். விளக்கை வெளியே எடுத்து, நீரற்ற மெதனோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் கண்ணாடியை வட்டமாகத் துடைத்து, காய்ந்த குச்சியால் ஒருமுறை துடையுங்கள். விரல் படக்கூடாது. பட்டால் மறுபடி துடைக்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண ஸ்பிரிற்றில் தண்ணீரும் நிறமும் இருக்கும், அதைப் பாவித்தால் படலம் கூடுமே தவிரக் குறையாது. மெதனோல் நஞ்சு, தீயும் பற்றும். திறந்த இடத்தில், கையுறையோடு செய்யுங்கள்.

4. சென்சரின் மின்முனைத் தட்டையும் அதே மெதனோலில் அமிழ்த்தி அலசி, பல மணி நேரம் உலரவிடுங்கள். இரவு முழுக்கக் காய்ந்தால் நல்லது. அவசரத்தில் ஈரத்தோடு பூட்டுவதால்தான் ‘சுத்தம் செய்தபின் இன்னும் மோசம்’ என்ற முறைப்பாடு வருகிறது.

5. பூட்டியபின் பூச்சியமும் வாயுவும் காட்டி அளவுத்திருத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்த விளக்கு கூடுதலாகத் துலங்கும் என்பதால் பழைய திருத்தம் செல்லாது.

இரண்டு முறை சுத்தம் செய்தும் உள்ளங்கைச் சோதனையில் ஏறினால் மின்முனைத் தட்டு அரித்திருக்கும். அது புதிதாக வாங்க வேண்டிய பாகம். முகவரிடம் அனுப்பும்போது சுத்தம் செய்த திகதிகளையும் எழுதி அனுப்புங்கள்.

அறிகுறி 3: மூக்கைப் பொத்தும் நாற்றம், கருவியிலோ 0.0

பெரும்பாலும் கருவி சரியாகவே வேலை செய்கிறது. குப்பைமேட்டு நாற்றத்தின் முக்கிய பங்கு ஐதரசன் சல்பைட்டுக்கும் மேர்கப்டன்கள் என்ற கந்தகச் சேர்வைகளுக்கும். இவற்றை மூக்கு பிபிபி அளவிலேயே பிடிக்கும். 10.6 விளக்கு ஐதரசன் சல்பைட்டைப் பார்க்கும், ஆனால் மங்கலாக: உண்மையில் 1 பிபிஎம் இருந்தால் ஏறத்தாழ 0.3தான் காட்டும். நன்றாக நாறும் 0.1 பிபிஎம், 0.03 ஆகிவிடும். 0.1 படியில் காட்டும் கருவியில் அது 0.0.

மெதேனை இந்த விளக்கு அறவே பார்க்காது. குப்பைமேட்டு வாயுவில் ஏறத்தாழ பாதி மெதேன். டைகுளோரோமெதேன், குளோரோபோம், போமல்டிகைட் என்பவையும் 10.6க்கு அகப்படாது. ஆகவே பூச்சியம் என்றால் ‘இந்த விளக்கு பார்க்கக்கூடியது, இந்தக் கருவியின் படிக்கு மேல் இல்லை’ என்று மட்டுமே எழுதலாம். ‘வாயு இல்லை’ என்று எழுதக்கூடாது.

இருந்தாலும் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்:

– உள்வாயை விரலால் ஒரு கணம் அடையுங்கள். பம்பின் சத்தம் மாற வேண்டும், அடைப்பு அலாரம் அடிக்க வேண்டும். மாறாவிட்டால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது பம்பு நின்றுவிட்டது. வெளியே நிரந்தரமாக மாட்டிய குழாயென்றால் வாயைக் கழற்றிப் பாருங்கள். மண் குளவிக்கு 6 மில்லிமீற்றர்க் குழாய் அளவெடுத்துச் செய்த வீடு. நுண்ணிய கம்பிவலை கட்டினால் வராது.

– அளவுத்திருத்த வாயுவைக் காட்டுங்கள். 100 கொடுத்தால் 90 முதல் 110க்குள் வர வேண்டும். குறைந்தால் அறிகுறி 4.

– வாயுவுக்குச் சரியாக எழும்பி, வெளியில் பூச்சியம் காட்டினால் கருவியை விட்டுவிடுங்கள். தேவை ஐதரசன் சல்பைட்டுக்கான தனிச் சென்சர், அல்லது ரியூப் மாதிரி.

மேட்டின் வெடிப்பிலோ வாயுக் குழாய் வாயிலோ நேரே பிடித்தால் வேறொரு பொறி இருக்கிறது. அங்கே மெதேன் சதவீதக் கணக்கில் வரும். அது விளக்கின் ஒளியை விழுங்கி, உண்மையில் இருக்கும் வி.ஓ.சி.யையும் குறைத்துக் காட்டும். காற்றில் 5 முதல் 15 சதவீத மெதேன் தீப்பற்றும் கலவை என்பதால், அந்த இடம் வெடிப்பு அளவுமானியோடு பயிற்சி பெற்றவர் போக வேண்டிய இடம்.

அறிகுறி 4: அளவுத்திருத்த வாயுவுக்குக் குறைவாகக் காட்டுகிறது

முதலில் சிலிண்டரின் காலாவதித் திகதியைப் பாருங்கள். அடுத்து றெகுலேற்றர். கருவியின் பம்பு நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் இழுக்க, றெகுலேற்றர் 300 மட்டும் விட்டால், மீதி 200 வெளிக்காற்றாகக் கலந்து 100 பிபிஎம் 60 ஆகத் தெரியும். விளக்குப் பழுது என்று நினைத்து அனுப்பிய கருவிகள் கையே வைக்காமல் திரும்பி வருவது இதனால்தான். பம்பைவிடக் கூடுதலாக விடும் றெகுலேற்றரோடு மேலதிகம் வெளியேற ‘T’ வடிவ இணைப்புப் போடுங்கள், அல்லது இழுப்பதற்கேற்ப விடும் றெகுலேற்றர் வாங்குங்கள்.

பிறகு வடி, பிறகு விளக்குச் சுத்தம். அதற்கும் பாதிக்குக் கீழே நின்றால் விளக்கின் ஆயுள் முடிந்தது. புதிய விளக்கை நீங்களே போடலாம். போட்டும் எழும்பாவிட்டால் மின்சுற்றுப் பழுது, அங்கே கை வைக்க வேண்டாம்.

அறிகுறி 5: திடீரென்று குத்தி எழுந்து சில நிமிடத்தில் விழுகிறது

குப்பைமேட்டு வாயு காற்றோடு அலையலையாக வரும். ஒரு நிமிடத்தில் ஊசிபோல் எழுவது அனேகமாக வேறு ஏதாவது. குப்பை உழவு இயந்திரம் பக்கத்தில் நின்றதா, ஓட்டோ திரும்பியதா, புல் வெட்டும் மெசினுக்குப் பெற்றோல் ஊற்றினார்களா? பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வயலுக்கு மருந்தடிக்கும் காலைகளை விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல பூச்சிமருந்துகள் சைலீன் போன்ற கரைப்பானில் கரைத்தவை, அதைப் பி.ஐ.டி. நன்றாகப் பார்க்கும். வைக்கோல் எரிப்பும் அப்படியே.

எதுவும் அகப்படாவிட்டால் ஊசி எழும் நேரங்களை வரிசையாக எழுதுங்கள். பற்றரி சார்ஜ் ஏறத் தொடங்கும் நேரத்தோடு பொருந்தினால் மின்வழங்கிப் பழுது. மின் இணைப்புப் பின்களில் பச்சைப் படிவு இருந்தால் உப்பின் வேலை, துடைத்து மசகு பூசுங்கள். அந்த மசகு உள்வாய்க்குப் பக்கத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: ரியூப், கலன் முடிவுகள் நம்பும்படியாக இல்லை

திறக்காத வெற்று ரியூப்பிலும் பென்சீன்

பத்து மாதிரிக்கு ஒரு வெற்று ரியூப் களத்துக்குக் கொண்டுபோய்த் திறக்காமல் கொண்டுவர வேண்டும். அதில் பென்சீன் வந்தால் முதல் சந்தேகம் பயணத்தின் மீது. கொழும்பு போகும் பஸ்ஸின் சாமான் அறையில் மண்ணெண்ணெய்க் கானோடு போயிருக்கலாம். இரண்டாவது, மூடி. பித்தளை மூடியைக் கையால் இறுக்கி, அதன்பின் ஸ்பானரால் கால் சுற்று மட்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் பொருத்துகள் சுருங்கித் தளரும், குளிர்ந்தபின் மறுபடி இறுக்க வேண்டும். ரியூப்பில் ஒட்டுத்தாள் ஒட்டக்கூடாது, பொறித்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதினால் போதும். கரி போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்து 30 நாளுக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள்.

எல்லாமே கண்டறியும் எல்லைக்குக் கீழே

காற்றை உள்ளே விடும் பரவல் மூடி போட்டதா, அல்லது பித்தளை மூடியோடேயே 14 நாளும் தொங்கியதா? இது நடப்பதுதான். மூடி சரியென்றால் கணக்குப் பாருங்கள். கார்போபேக் எக்ஸ் நிரப்பிய ரியூப் பென்சீனை நிமிடத்துக்கு 0.67 மில்லிலீற்றர் காற்றுக்குச் சமமாக எடுக்கும். 14 நாளில் அது 13.5 லீற்றர். கன மீற்றருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தால் ரியூப்பில் 13.5 நனோகிராம்தான் இருக்கும். 2 நாளில் எடுத்துவிட்டால் 2 நனோகிராம் கூட இராது.

பென்சல்டிகைட்டும் அசற்றோபீனோனும் நிறைய

டெனாக்ஸ் ரியூப் என்றால் இவை குப்பைமேட்டிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. ஓசோன் பட்டு அந்த உறிஞ்சு பொருளே சிதைவதால் வருபவை. அறிக்கையில் குப்பைமேட்டின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பென்சீன் தொலுயீனை மிஞ்சுகிறது

அந்த இரண்டு வாரத்தில் குப்பை எரிந்ததா என்று கேளுங்கள். வாகனப் புகையிலும் சாதாரணக் குப்பைமேட்டு வாயுவிலும் வழக்கமாகத் தொலுயீன்தான் கூட.

கலனின் மானி சரியில்லை

வந்து சேர்ந்ததும் மானி −29 அங்குல இரசத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். −25ஐ எட்டாத கலனைப் பாவிக்காமல் திருப்பி அனுப்புங்கள். பூட்டியபின் உள்வாயை அடைத்து, வால்வை ஒரு கணம் திறந்து மூடி, 5 நிமிடம் முள்ளைப் பாருங்கள். அசைந்தால் பொருத்து ஒழுகுகிறது. கழற்றி மறுபடி பூட்டுங்கள், முறுக்கி இறுக்கி வெல்லப் பார்க்க வேண்டாம்.

24 மணிக்குப் பின் −5 அளவில் நின்றால் நல்ல மாதிரி. பூச்சியத்தில் நின்றால் எப்போது நிரம்பியது என்று தெரியாது, அதை 24 மணிச் சராசரி என்று எழுத முடியாது. −20இல் நின்றால் 7 மைக்ரோன் வடி அடைபட்டிருக்கும், அல்லது ஓட்டக் கட்டுப்படுத்தி பிழையாக வைக்கப்பட்டிருக்கும். 6 லீற்றர்க் கலனுக்கு அது நிமிடத்துக்கு 3.3 மில்லிலீற்றர் அளவில் இருக்க வேண்டும். அந்தத் திருத்தம் ஆய்வுகூடத்தின் வேலை.

அறிகுறி 7: மேல்காற்றிலும் (காற்று வரும் பக்கம்) கீழ்காற்றிலும் (காற்று போகும் பக்கம்) ஒரே அளவு

குப்பைமேட்டால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுமுன் திசைகாட்டியை எடுங்கள். மட்டக்களப்பில் ‘கடல் கிழக்கு’ என்று வைத்துக் காற்றுமானியைப் பூட்டுவது பழக்கம். ஆனால் கல்லடிப் பக்கம் கரை வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. மானியின் வடக்கு முனை அவ்வளவுக்கும் திரும்பி நின்றால் கீழ்காற்று நிலையம் வேறெங்கோ போய்விடும். திசைகாட்டியின் வடக்கே போதும், உண்மை வடக்கோடு உள்ள வித்தியாசம் இங்கே சில பாகைதான். மானி தென்னைகளுக்கு நடுவில் இருந்தால் திசை சுழலும். தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி நட வேண்டும்.

திசை சரியென்றால் நேரத்தைப் பாருங்கள். பகலில் கடல்காற்று, இரவில் கரைக்காற்று. 14 நாள் ரியூப் இரண்டையும் சேர்த்தே குடிக்கும், அதனால் இரண்டு பக்கமும் சமமாக வருவது இயல்பு. அதைப் பிரிக்கக் கலனோ மணிவாரிப் பி.ஐ.டி. பதிவோ வேண்டும். அல்லது, கச்சான் நாள்கணக்காக ஒரே பக்கம் வீசும் காலத்துக்கு ரியூப்பைத் தள்ளிப்போடுங்கள்.

ரியூப் 1.5 முதல் 3 மீற்றர் உயரத்தில், வாய் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். யானை வரும் இடத்தில் தனிக் கம்பம் நடுவது வீண், உரசியே சாய்த்துவிடும். மின்வேலிக்கு உட்புறமாக இருக்கும் கட்டடத்தையோ பெரிய மரத்தையோ பாவியுங்கள்.

அறிகுறி 8: மலிவுச் சென்சர் முதல் வாரம் துடித்தது, பிறகு அமைதி

மெற்றல் ஒக்சைட் சென்சர்கள் பல, கடந்த சில மணி அல்லது நாட்களின் காற்றையே ‘வழமை’ என்று தாமாகப் பழகிக்கொள்பவை. குப்பைமேட்டோரம் வைத்தால் குப்பைமேட்டுக் காற்றே அதற்குச் சுத்தக் காற்றாகிவிடும். தானாகப் பழகுவதை நிறுத்தி, மூல மின்தடையைப் பதியுங்கள். அதுவும் அமைதியானால் சிலொக்சேன் என்ற சிலிக்கன் சேர்வை பட்டு நஞ்சேறியிருக்கும். குப்பைமேட்டு வாயுவில் அது உண்டு, துடைத்தாலும் போகாது. புதிய சென்சர்தான். இதன் எண்ணைப் பிபிஎம் என்று எழுதவே வேண்டாம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

புதிய விளக்குக்குப் பின்னும் வாயுவுக்கு எழும்பாத கருவி, அரித்த மின்முனைத் தட்டு, நீர் புகுந்த பெட்டி: முகவர்.

வழக்குக்கோ முறைப்பாட்டுக்கோ போகப்போகும் எண் என்றால் தொடக்கத்திலேயே தரச்சான்று பெற்ற ஆய்வுகூடம், மாதிரி யார் கையில் எப்போது இருந்தது என்ற பதிவு, மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுத்தில் அறிவிப்பு. கையடக்கப் பி.ஐ.டி. எண்ணை மட்டும் வைத்து அங்கே நிற்க முடியாது. 2008இல் திருத்திய நமது சூழற்காற்றுத் தரநியமங்களில் பென்சீனோ வேறு வி.ஓ.சி.யோ இல்லை. வழக்கமாக ஒப்பிடுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் வருடச் சராசரி எல்லையான கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம் பென்சீனோடு. அது 1.6 பிபிபி அளவு. 0.1 பிபிஎம் படியில் காட்டும் கருவிக்கு அது எட்டவே எட்டாது.

மேட்டில் புகை கண்டால் 110, அயலில் யாருக்காவது மூச்சுத் திணறினால் 1990. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தீ எரியும்போது கருவியைக் காற்றுக்கு மேற்பக்கம் நகர்த்துங்கள். புகைக்குள் விட்ட பி.ஐ.டி. விளக்கில் தார் படிந்து, மறுநாள் அறிகுறி 1இலிருந்து தொடங்க வேண்டிவரும்.